எனக்குப் பதினெட்டு மேனேஜர்!

ஒரே ஒரு மேனேஜரை வைத்துக்கொண்டு 'டார்ச்சர் தாங்கலைப்பா' என்று டீக்கடையில் புலம்புகிற தம்பிமார்களே, உங்களுக்கு ஓர் ஆறுதல் செய்தி. எனக்குப் பதினெட்டு மேனேஜர்கள்! ஒருத்தருக்கும் ஆறு வயசு ஆகவில்லை. பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகும். மூணு பேர் சொல்லாமல் கொள்ளாமல் உட்கார்ந்த இடத்திலேயே 'ஒண்ணுக்கு' போய்விடுவார்கள். உங்கள் மேனேஜர் எவ்வளவு மோசமான ஆளாக இருந்தாலும் இதை மட்டும் செய்திருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

நான் மண்டகப்பட்டில் பால்வாடி டீச்சர். காகிதத்தில் 'அங்கன்வாடிப் பணியாளர்'. ஊருக்குள் 'பால்வாடியம்மா'. கோபம் வந்த பாட்டிகளுக்கு, 'அந்த சோறு போடற டீச்சரு'.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் ரோட்டில் வருகிற ஊர் எங்களுடையது. கோட்டை பார்க்கப் போகிறவர்கள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். போகட்டும். எங்களுக்கும் சொல்லிக்கொள்ள ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் விழுப்புரத்தில் ஓர் ஆபீஸில் கிளார்க். சாயந்திரம் வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"இன்னிக்கு மேனேஜர் என்னைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு."

"என் மேனேஜர் இன்னிக்கு என் புடவையிலயே மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டாரு" என்பேன்.

அதோடு அவர் டி.வி. பக்கம் போய்விடுவார்.

காலையில் என் ஆபீஸ் திறக்கும் அழகே தனி. உங்களுக்கெல்லாம் பஞ்ச்சிங் மெஷின். எனக்கு அழுகைதான் அட்டெண்டன்ஸ். தெருமுனையில் ஒரு குரல் கேட்டால் இன்னார் வருகிறார் என்று தெரிந்துவிடும். ஸ்ருதி கொஞ்சம் மேலே இருந்தால், அவர் தம்பியும் கூட வருகிறார்.

நிஜப் பெயர்களைச் சொல்லக் கூடாது. பிற்காலத்தில் இவர்களுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் அல்லவா? நான் வைத்திருக்கும் பட்டப் பெயர்களையே சொல்கிறேன்.

முதலில் 'கலெக்டர்'. நாலரை வயசு. யார் எங்கே குந்த வேண்டும், யார் எந்தத் தட்டில் சாப்பிட வேண்டும், எல்லாம் அவர் உத்தரவுதான். என்னையே ஒரு நாள், "டீச்சர், செல்லை வெச்சிட்டுப் பாட்டு சொல்லு" என்று அதட்டியவர். சரியான அதட்டல்தான், வைத்துவிட்டேன்.

அடுத்தது 'வக்கீல்'. இந்தப் பெண்மணிக்கு மூன்றே முக்கால் வயசு. சாட்சியோடுதான் வழக்குத் தொடுப்பார். "டீச்சர், அவன் என்னக் கிள்ளிட்டான். இவ பார்த்தா. இல்ல?" அந்த 'இல்ல?'வில் சாட்சி நடுங்கிப்போய்த் தலையாட்டிவிடும்.

மூன்றாமவர் 'ராஜா தேசிங்கு'. எங்கள் பக்கத்தில் செஞ்சி தேசிங்கு ராஜா கதை தெரியாத பாட்டி கிடையாது. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி, இருபத்திச் சொச்சம் வயசில் உயிரை விட்ட வீரன். இவருடைய பாட்டி அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, தினமும் காலையில் தொடப்பத்தின் மேல் ஏறிக்கொண்டுதான் வகுப்புக்குள் நுழைவார். பின்னாலேயே உதவியாளரம்மா, "டேய், பெருக்கணும்டா, குடுடா" என்று ஓடி வருவார். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஊரே கொண்டாடியபோது நானும் என் பங்குக்கு எங்கள் தேசிங்குக்குச் சொந்தமாக ஒரு சின்ன விளக்குமாறு வாங்கிக் கொடுத்தேன். இப்போது எங்கள் மையத்தில் குதிரை வேறு, தொடப்பம் வேறு.

உதவியாளரம்மாவைக் குழந்தைகள் 'ஆயா' என்றுதான் கூப்பிடும். பட்டணத்தில் ஆயா என்றால் வேலைக்காரி. எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. அந்த அம்மா சமைத்து, கழுவி, துடைத்து, மடியில் போட்டுத் தூங்கவைக்கிற அழகைப் பார்த்தால் எங்கள் ஊர் அர்த்தம்தான் சரி என்று தோன்றும்.

கடைசியாக ஒருத்தி இருக்கிறாள். 'பேசாமடந்தை'. அவளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுங்கள்.

'பால்வாடியில என்ன வேலை, விளையாட்டுத்தானே' என்பவர்களுக்காக ஒரு பட்டியல். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ம் தேதி நாட்டில் 33 வட்டாரங்களில் ஆரம்பித்தது. அதில் ஆறு சேவைகள். சத்துணவு, முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கு ஊட்டச்சத்து பற்றிச் சொல்வது, தடுப்பூசிக்கு ஏற்பாடு, உடல் பரிசோதனை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. ஏழாவதாக ஒன்று எழுதாமல் விட்டிருக்கிறார்கள்: மற்ற எல்லா வேலையும். வாக்காளர் பட்டியலா, கூப்பிடு டீச்சரை. வீடு வீடாகக் கணக்கா, கூப்பிடு டீச்சரை. தெருவில் யாராவது கர்ப்பமானால் புருஷனுக்கு அடுத்தபடி எனக்குத்தான் தகவல் வரும். சில சமயம் புருஷனுக்கு முன்னாலேயே வரும்.

எடை பார்க்கும் நாள் ஒரு திருவிழா. மெஷின் மேல் அசையாமல் நிற்க வேண்டும் என்றால் அன்றைக்குத்தான் அவர்களுக்கு டான்ஸ் வரும். எடை, உயரம், வயசு மூன்றையும் வைத்துப் பார்த்தால் குழந்தை பச்சையில் இருக்கிறதா, மஞ்சளிலா, சிவப்பிலா என்று தெரியும். டிராபிக் சிக்னல் மாதிரிதான். பச்சை என்றால் வண்டி ஓடுகிறது. மஞ்சள் என்றால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

இதையெல்லாம் முன்பு பதிவேட்டில் எழுதினோம். 2021-லிருந்து செல்போனில் 'போஷன் டிராக்கர்' செயலியிலும் ஏற்ற வேண்டும். எங்கள் தெருவில் சிக்னல் ஒரு விருந்தாளி மாதிரி, வந்தால் வரும். ஊரோரம் பாறைப் பக்கம் போனால் இரண்டு கோடு கிடைக்கும். அந்தப் பாறையில்தான் பல்லவ ராஜா மகேந்திரவர்மன் குடைந்த கோயில் இருக்கிறது. பதினெட்டுக் குழந்தைகளின் எடையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆயிரத்து நானூறு வருஷப் பழைய துவாரபாலகர் முன்னால் போனைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். அவர் கதை மேல் கையை ஊன்றிக்கொண்டு, 'ஏறிச்சா?' என்று கேட்பது போலவே இருக்கும்.

குழந்தைகளையும் அங்கே கூட்டிப் போவேன். அந்தக் கோயில் தூண் இருக்கிறதே, கீழே சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே மறுபடி சதுரம். வடிவம் சொல்லித் தர இதைவிட நல்ல சார்ட் எந்தக் கடையில் கிடைக்கும்? "இவுரு யாரு டீச்சர்?" என்று கேட்டார்கள். "சாமிக்குக் காவல்." உடனே வக்கீல், "வாட்ச்மேனா? உள்ள சாமியே இல்லியே, அப்புறம் எதுக்கு நிக்கிறாரு?" நிஜம்தான். உள்ளே மூன்று கருவறைகளும் காலி. என்ன பதில் சொல்வது? "வேலைன்னு வந்துட்டா நிக்கணும்மா" என்றேன். நீங்களும்தான், மேனேஜர் லீவில் இருந்தாலும் சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களே!

சரி, கஷ்டத்துக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாய் பத்தாமல் கோணி விரிப்போம். அப்புறம் இருபத்திநாலு ஆனது. இப்போது பதினெட்டு. பிள்ளைகள் பிறக்காமல் இல்லை. காலையில் எட்டு மணிக்கு ஒரு மஞ்சள் வேன் வருகிறது. ஷூ, சாக்ஸ், டை, முதுகைவிடப் பெரிய பை. ஏறிக்கொண்டு போய்விடுகிறார்கள். எண்ணிக்கை இன்னும் குறைந்தால் மையத்தையே பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்களோ என்று எனக்கும் ஆயாவுக்கும் உள்ளூர ஓர் உதறல்.

போன வருஷம் ஓர் இளம் அப்பா வந்தார். படித்தவர், கம்பெனி வேலை. மரியாதையான பிள்ளை. "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. பையனை வேன்ல அனுப்பப் போறேன். அங்க மூணு வயசுல ஏ டு இசட் எழுதறாங்க. இங்க களிமண்ணு உருட்டறான், புளியங்கொட்டை பொறுக்கறான். நான்தான் ஆபீஸ்ல இங்கிலீஷ் வராம முழிக்கிறேன். அவனாவது..." என்று நிறுத்தினார்.

அந்த 'அவனாவது'வை நான் குறை சொல்லமாட்டேன். கடன் வாங்கி ஃபீஸ் கட்டுகிற அப்பனின் பயம் அது. ஆனால் அவரிடம் ஒரு சமாச்சாரம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், நாளைக்கு உதவும்.

மனுஷனின் மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள். பிறக்கும்போது அதில் ஒன்றுகூட எலும்பாக இருப்பதில்லை, எல்லாம் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக வருஷக்கணக்கில் கெட்டிப்படும். கடைசி எலும்பு கெட்டிப்பட ஆரம்பிக்கவே ஒன்பது, பத்து வயசாகிவிடும். மூணு வயசுக் கையில் பென்சிலைத் திணித்து நாலு வரி நோட்டில் எழுது என்றால், அந்தக் கை என்ன செய்யும்? களிமண் உருட்டுவதும், புளியங்கொட்டை பொறுக்குவதும், மல்லாட்டை உரிப்பதும் விளையாட்டு மாதிரி தெரியும். விரலுக்கு அதுதான் எழுத்துப் பயிற்சி. எங்கள் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. பெயர் வைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இது நம் ஊர் சரக்கு மட்டுமல்ல. ஜெர்மனியில் ஃபுரோபெல் என்பவர் 1840-ல் தன் குழந்தைப் பள்ளிக்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் வைத்தார். அர்த்தம், குழந்தைகளின் தோட்டம். அதன் முதல் எழுத்தான 'கே'தான் உங்கள் எல்.கே.ஜி.யில் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. தோட்டத்தை எடுத்துவிட்டோம், எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். இத்தாலியின் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்தத்தில் இத்தாலி எதிரி நாடாகிவிட, 1946 வரை இந்தியாவிலேயே தங்கும்படி ஆனது. கையால் தொட்டுத் தடவித்தான் குழந்தை கற்றுக்கொள்கிறது என்று அந்த அம்மாள் சொன்னதைத்தான் எங்கள் ஆயா, "கொயந்த தொட்டுப் பாக்கட்டும், உடு" என்று சொல்கிறார். ஆயா அடையாறுக்குப் போனது கிடையாது.

இளம் அப்பா பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது நியாயம்தான்க்கா" என்றார். மறுநாள் பையன் வேனில் ஏறினான். ஜன்னல் வழியாக எனக்கு டாட்டா காட்டினான். நானும் காட்டினேன். உள்ளே வந்து பாயை விரித்தேன்.

இப்போது பேசாமடந்தை.

அவளுக்கு மூணு வயசு முடிந்திருந்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் வெளியூரில் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டார்கள். குழந்தை பாட்டியிடம். மஞ்சளில் இருந்தாள். அதைவிடக் கவலை, பேசவே இல்லை. அழுகைகூடச் சத்தமில்லாமல், கண்ணீர் மட்டும் வழியும். மையத்துக்கும் வரமாட்டாள். வாசலில் நின்று பார்த்துவிட்டு ஓடிவிடுவாள்.

இங்கே இன்னொரு அம்மாவை அறிமுகப்படுத்த வேண்டும். தாராபாய் மோடக். மகாராஷ்டிரத்துக் கடலோரத்தில் போர்டி என்ற கிராமத்தில் 1945-ல் குழந்தைக் கல்விக்கு ஒரு மையம் ஆரம்பித்தவர். ஏழைப் பிள்ளைகள், தாழ்த்தப்பட்டவர் தெருப் பிள்ளைகள் வரவில்லை. அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பாடச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவுக்கே போய், அவர்கள் வீட்டு முற்றத்திலேயே வகுப்பு நடத்தினார். முற்றத்துக்கு அவர்கள் பாஷையில் 'ஆங்கன்'. அங்கன்வாடி என்ற பெயருக்குள் இருப்பது அந்த முற்றம்தான்.

பெயருக்குப் பொருத்தமாக நானும் போனேன். தினமும் மத்தியானம் எல்லோரும் தூங்கும் நேரத்தில், ஆயாவைக் காவல் வைத்துவிட்டு, பாட்டி வீட்டு முற்றத்தில் போய்க் குந்துவேன். "பேசு" என்று ஒரு நாளும் சொல்லவில்லை. கோழியைக் காட்டிக் கோழி கதை, முருங்கைக்காயைக் காட்டி முருங்கைக்காய் கதை. அவள் திண்ணைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். பாட்டிதான் ரசித்துக் கேட்டார். "அப்பறம் அந்தக் கோழி இன்னா ஆச்சு டீச்சரு?" என்று அடுத்த நாளைக்கும் வரச் சொல்வார்.

இரண்டு வாரத்தில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மையம் வரைக்கும் வந்தாள். பரிசோதனைக்கு வந்த டாக்டரிடம் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது, நாக்கிலும் கோளாறு இல்லை என்றார். "பேசிக்கிட்டே இருங்க. பதிலுக்குக் காத்திருக்காதீங்க" என்றார். பேசினேன். ஆடி போய், தீபாவளி போய், பொங்கல் போனது. தினமும் காலையில் "வாம்மா, சாப்டியா?" என்பேன். அவள் என்னையே பார்ப்பாள். சத்துமாவு உருண்டையைத் தின்பாள். எடை ஏறியது, மஞ்சள் பச்சை ஆனது. வார்த்தை மட்டும் வரவில்லை.

வீட்டுக்காரர்கூட ஒரு நாள் கேட்டார். "உன் பேசாமடந்தை இன்னிக்காவது பேசிச்சா?"

"இல்ல."

"எங்க மேனேஜரை அங்க அனுப்பட்டுமா? ஒரு வாரத்துல அவரும் அமைதியாயிடுவாரு."

மாசி மாசம். முட்டை நாள். இரண்டு வயசுக்கு மேற்பட்ட குழந்தைக்கு வாரத்தில் மூன்று முட்டை. எங்கள் ராஜ்ஜியத்தில் முட்டை நாள் என்றால் அது சம்பள நாள். எல்லோரும் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். நான் சோறு பரிமாறிக்கொண்டே கடைசிப் பிள்ளை வரை போய்விட்டேன். பின்னால் திடீரென்று ஒரு குரல். கணீரென்று, மைக் வைத்த மாதிரி.

"டீச்சர்! அந்த நாயி எம் முட்டையத் துன்னுடுச்சு!"

திரும்பினேன். பேசாமடந்தை எழுந்து நிற்கிறாள். விரல் கலெக்டரை நோக்கி நீண்டிருக்கிறது. கலெக்டர் வாயில் பாதி முட்டை. அவருக்கு வந்த ஆச்சரியத்தில் மஞ்சள் கரு வெளியே வந்து விழுந்துவிட்டது. வக்கீல் தன் வாழ்நாளில் முதல் முறையாக வாயடைத்துப் போனார். தேசிங்கு குதிரையை விட்டு இறங்கினார்.

ஏழு மாச மௌனம் தம்பிகளே! நான் அம்மா, அப்பா, ஆடு, இலை என்று எத்தனை பாட்டுப் பாடியிருப்பேன்! ஒன்றுக்கும் அசையாதவள், சொத்துத் தகராறு என்று வந்ததும் முழுசாக ஒரு வாக்கியம், எழுவாய், பயனிலை, வசவோடு சேர்த்துப் பேசிவிட்டாள். ஆயா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் நின்றார். தன் பங்குக்கு என்று எடுத்துவைத்திருந்த வாழைப்பழத்தைக் கொண்டுவந்து குழந்தை கையில் கொடுத்தார். நான் மட்டும் ஆபீசர் மாதிரி, "நாயின்னு சொல்லக் கூடாதும்மா. அண்ணான்னு சொல்லணும்" என்றேன். "அண்ணா நாயி" என்றாள். மறுபேச்சு உண்டா?

அன்றைக்குச் சாயந்திரம் பதிவேட்டை எடுத்தேன். தேதி போட்டேன். வருகை 18. முட்டை 18. கையெழுத்துப் போட்டேன். மூடினேன். அவ்வளவுதான் கட்டம் இருந்தது. 'இன்று ஒரு குழந்தை பேசியது' என்று எழுத அதில் இடம் கிடையாது.

எங்கள் வேலையின் கஷ்டம் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். மூக்கு துடைப்பது கஷ்டமில்லை. சம்பளம்கூட இரண்டாவதுதான். மத்திய அரசின் அகராதியில் எங்களுக்குத் தருவது சம்பளம் அல்ல, 'மதிப்பூதியம்'. 2018 அக்டோபரில் அது 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆனது. மாநில அரசு தன் பங்குக்குச் சிறப்பு காலமுறை ஊதியம் என்று ஒன்று வைத்திருக்கிறது. 2006-ல் கர்நாடகத்து வழக்கு ஒன்றில் எங்கள் பதவி அரசுப் பதவி அல்ல என்றது உச்ச நீதிமன்றம். 2022 ஏப்ரலில், குஜராத் வழக்கில், எங்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று அதே நீதிமன்றம் சொன்னது. பதினாறு வருஷத்தில் பாதிக் கதவு திறந்திருக்கிறது. மீதியும் திறக்கும். நான் சொல்ல வந்தது, கட்டத்துக்குள் வராத வேலையைப் பற்றி.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1962-ல் ஒரு சோதனை ஆரம்பித்தார்கள். 123 ஏழைக் குழந்தைகள். ஒரு பாதிக்கு நல்ல பால்வாடி, மறு பாதிக்கு இல்லை. முதலில் பால்வாடிப் பிள்ளைகள் அறிவுச் சோதனையில் முந்தினார்கள். சில வருஷத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. 'அவ்வளவுதானா' என்று கடையை மூடியிருக்கலாம். மூடவில்லை. நாற்பது வயசு வரை பின்தொடர்ந்தார்கள். பால்வாடிக்குப் போனவர்களில் வேலையில் இருந்தவர்கள் அதிகம், சம்பளம் அதிகம், போலீசில் மாட்டியது குறைவு. மார்க் போய்விட்டது. கூட உட்கார்ந்து சாப்பிட்டது, வரிசையில் நின்றது, 'அது என் முட்டை' என்று எழுந்து நின்று கேட்டது, இதெல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஆரம்பத்தில் ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா? எங்கள் ஊர்க் குடைவரையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மகேந்திரவர்மன் அதில் பெருமையடித்துக்கொள்கிறான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, இவை எதுவும் இல்லாமலே பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்துவிட்டேன் என்று. அதுவரை எல்லோரும் செங்கல்லும் மரமும் வைத்துக் கட்டினார்கள், அவை மக்கிப் போயின. இவன் பாறையைக் குடைந்தான், நின்றுவிட்டது. பக்கத்திலேயே 'விசித்திரசித்தன்' என்று தன் பட்டப் பெயரையும் பொறித்துக்கொண்டான். நியாயம்தான். அவ்வளவு செய்தவன் பெயர் போட்டுக்கொள்ளலாம்.

போனுக்குச் சிக்னல் தேடி நிற்கும்போது நான் அதைப் பார்ப்பேன். நாங்களும் பெஞ்சு இல்லாமல், நோட்டு இல்லாமல், பரீட்சை இல்லாமல், ரேங்க் கார்டு இல்லாமல் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரே வித்தியாசம், பெயர் போட்டுக்கொள்ள முடியாது. மூணு, நாலு வயசில் நடந்ததில் பெரும்பாலானது மனுஷனுக்கு ஞாபகத்தில் நிற்பதில்லை. அது இயற்கை. ஒன்றாம் வகுப்புக்குப் போன பிள்ளை ஒரு வருஷம் எதிரே பார்த்தால் சிரிக்கும். இரண்டாவது வருஷம் வெட்கப்படும். பத்து வருஷம் கழித்து பைக்கில் ஹாரன் அடித்து, "யம்மா, ஓரமா போ!" என்று திட்டிவிட்டுப் போகும். என் கலெக்டர்களில் ஒருவர் அப்படிப் போயிருக்கிறார். அவர் பைக் ஓட்டிய லட்சணத்தைப் பார்த்ததும், 'அப்பவே இவன் வரிசையில நிக்கமாட்டான்' என்று நினைத்துக்கொண்டேன்.

உங்களுக்கும் ஒரு பால்வாடி டீச்சரோ ஓர் ஆயாவோ இருந்திருப்பார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோதே கிராமத்துப் பால்வாடிக் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். உங்களில் பாதிப் பேரின் வீட்டில் யாராவது ஒருவர் அந்தத் தட்டில் சாப்பிட்டிருப்பார். முகம் ஞாபகம் வராது, கஷ்டப்பட வேண்டாம். உங்களுக்குக் குழந்தை பிறந்து, மூணு வயசாகி, எங்கே சேர்க்கலாம் என்று யோசிக்கும்போது, 'எத்தனை எழுத்து எழுதவைப்பீர்கள்?' என்று கேட்காமல், 'எவ்வளவு நேரம் விளையாடவிடுவீர்கள், என் பிள்ளை பேசினால் காது கொடுப்பீர்களா?' என்று இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். அது பெரிய ஸ்கூலோ, எங்களை மாதிரி ஓட்டுக் கட்டடமோ, பதிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எங்களுக்கு அது போதும்.

பேசாமடந்தை இப்போது எப்படி இருக்கிறாள் என்கிறீர்களா? அதை ஏன் கேட்கிறீர்கள்! ஏழு மாசப் பாக்கியை வட்டியோடு வசூலிக்கிறாள். வக்கீலே, "டீச்சர், இவளக் கொஞ்சம் வாய மூடச் சொல்லு" என்று என்னிடம் மனு கொடுத்திருக்கிறார். மனுவை நான் தள்ளுபடி செய்துவிட்டேன்.

சரி, நேரமாகிறது. நாளைக்கு முட்டை நாள். எண்ணிவைக்க வேண்டும். கலெக்டர் பக்கத்தில் யாரை உட்காரவைப்பது என்றும் யோசிக்க வேண்டும்.